பெட்ரோல் டாங்கை நசுக்கியது யார்? பழைய டாட்சன் 240இசட்டும் ஒரு சின்னக் குழாயும்

[மேசைமேல் காலி பிளாஸ்டிக் பாட்டில்]

இந்தப் பாட்டிலில் வாயை வைத்து உறிஞ்சுகிறேன், பாருங்கள். நசுங்கிவிட்டது. இதே கதி ஒரு தகர பெட்ரோல் டாங்குக்கும் வரும். எதிலும் மோத வேண்டாம். வண்டி ஓட ஓட, அதன் சொந்த பம்ப்பே டாங்கை உள்ளே இழுத்துவிடும். மாடிஃபை பண்ணும்போது "இது எதுக்கு" என்று யாரோ அடைத்துவிட்ட ஒரு குழாய்தான் காரணம்.

வணக்கம். இன்றைய வண்டி டாட்சன் 240இசட். 1969இல் அறிமுகமான ஜப்பான் கார், 2.4 லிட்டர், ஆறு சிலிண்டர், இரண்டே சீட். அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. வரலாறு போதும், பின்பக்கம் போவோம்.

[பின்கதவு திறக்கிறது, வலது ஓர உள்பேனல் கழற்றப்பட்டிருக்கிறது]

பேனலுக்குப் பின்னால் ஒரு சின்ன டப்பா தெரிகிறதா? இதுதான் ஆவி டாங்க். கீழே இருக்கும் பெட்ரோல் டாங்கிலிருந்து ரப்பர் ஹோஸ்கள் ஏறி இதற்கு வருகின்றன. பெட்ரோல் ஆவியைக் காற்றில் விடக்கூடாது என்று 1970 மாடலிலிருந்து கலிஃபோர்னியாவிலும், 1971 மாடலிலிருந்து அமெரிக்கா முழுவதிலும் விதி வந்தது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆரம்ப வண்டிகளில் ஆவி இங்கிருந்து என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸுக்குப் போகும். பின்னால் வந்த இசட்களில் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவுக்குப் போகும்.

இந்த ஹோஸை லேசாக வளைக்கிறேன். விரல் பட்ட இடத்திலேயே பிளந்துவிட்டது. ஐம்பது வருட ரப்பர்! காருக்குள் பெட்ரோல் வாடை வருவது இங்கிருந்துதான். அதற்குப் பயந்து பலர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, டாங்கில் இருக்கும் வாய்களை மூடிவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது.

மளிகைக் கடையில் எண்ணெய் டின் உடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மூலையில் ஊற்ற ஓட்டை, எதிர் மூலையில் இன்னொன்று. அந்த இரண்டாவது ஓட்டை இல்லையென்றால் எண்ணெய் விக்கி விக்கித்தான் வரும். எண்ணெய் போன இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். கடைக்காரருக்கு இது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெட்ரோல் டாங்கும் அதே டின்தான்.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இனிதான். டாங்கின் மேல்பரப்பு 60க்கு 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 3600 சதுர சென்டிமீட்டர். வெளிக்காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் ஒரு கிலோ எடையாக அழுத்துகிறது. உள்ளேயும் அதே அழுத்தம் இருக்கும்வரை சிக்கல் இல்லை. உள்ளே பத்தில் ஒரு பங்கு குறைந்தால்? 360 கிலோ! கிட்டத்தட்ட இரண்டு புல்லட் பைக்கைத் தூக்கி டாங்க் மேல் வைத்த மாதிரி. தகரம் என்ன செய்யும்?

பழைய மெக்கானிக்கல் பம்ப் இருந்தால் டாங்க் பெரும்பாலும் தப்பிக்கும். அதன் இழுவை குறைவு. பெட்ரோல் போகாமல் என்ஜின் நின்றுவிடும், கொஞ்ச நேரம் கழித்துத் தானாகக் கிளம்பும். மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார். இன்ஜெக்‌ஷனுக்காகப் பெரிய எலெக்ட்ரிக் பம்ப் போட்டவர்கள்தான் கவனிக்க வேண்டும். அது விடாமல் இழுக்கும்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. ஒரு டிகிரி சூடு ஏறினால் பெட்ரோல் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக விரியும். 60 லிட்டர், 20 டிகிரி என்றால் ஒரு லிட்டருக்கு மேல் வருகிறது. ஃபுல் டாங்க் அடித்து வெயிலில் நிறுத்தினால் அந்த ஒரு லிட்டர் எங்கே போகும்? அந்த இடத்தைத் தருவதும் இந்த ஆவி டாங்க்தான். அதனால் என் கருத்து: தூக்கி எறியாதீர்கள், ஹோஸை மட்டும் மாற்றுங்கள். பெட்ரோலுக்கென்றே வரும் ஹோஸ் வாங்குங்கள். மீன்தொட்டிக்குப் போடும் ட்யூப் வேண்டவே வேண்டாம், பெட்ரோல் பட்டால் கல்லாக இறுகிவிடும்.

இல்லை, எடுத்தே தீருவேன் என்றால், டாங்கின் உச்சியிலிருந்து ஹோஸைப் பெட்ரோல் ஊற்றும் வாயைவிட உயரமாக ஏற்றி, வளைத்து, வண்டிக்கு வெளியே கீழே இறக்குங்கள். நடுவில் ஒரு ரோல்ஓவர் வால்வு கட்டாயம். வண்டி கவிழ்ந்தால் பெட்ரோல் கொட்டாமல் அடைப்பது அதுதான். ஹோஸ் நுனி சைலன்சர் பக்கமே போகக்கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கப் போதும்.

உங்கள் பழைய கார் ஓடிக்கொண்டே மூச்சுத் திணறுகிறதா? ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, பெட்ரோல் மூடியை மெதுவாகத் திறந்து காதைக் கொடுங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா? எந்த வண்டி, எந்தப் பக்கம் என்று கமெண்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படித்துப் பதில் போடுகிறேன்.