நெய்தவர் பெயர் எங்கே?
(கைத்தறி நாள் விழாவில் அன்னி ஆல்பர்ஸ் குறித்து ஆற்றிய உரை)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மதிப்பிற்குரிய ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் சான்றோர்களே, வேலை நாளிலும் தறியை நிறுத்திவிட்டு வந்து அமர்ந்திருக்கும் நெசவாளப் பெருமக்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் அது முறையாகாது. நூலகத்துக்கு இடமில்லாமல் நாங்கள் அலைந்த காலத்தில் தன் வீட்டு முன்கூடத்தைத் திறந்துவிட்டவர் அவர். இந்த மேடையில் இருக்கும் பலரும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து படித்தவர்கள்தான். சங்கத் தலைவர் அவர்கள் கூலி உயர்வுக்காகக் கோட்டை வரை போய் வந்தவர். வெறுங்கையோடு திரும்பியும் சோர்ந்து போகாமல் மறுபடி போனவர். முதல்வர் அம்மா தன் மாணவிகளைப் பேருந்து பிடித்து அழைத்து வந்திருக்கிறார். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒருவரைப் பற்றிக் கேட்பதற்காகப் பிள்ளைகளை அழைத்து வர வேண்டும் என்று தோன்றியதே, அதற்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். என்னை அறிமுகப்படுத்திய தம்பி அன்பின் மிகுதியால் நிறையச் சொல்லிவிட்டார். அவருக்கும் நன்றி.

1905 ஆகஸ்டு 7 அன்று கல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கியது. அந்த நாளைத்தான் 2015 முதல் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடுகிறோம். இப்படிப்பட்ட நாளில் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த, நெசவுக் கலைஞரான ஒரு பெண்மணியைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அந்தப் பழமொழியைக் கேள்விப்படாமலேயே அதன்படி வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர் அன்னி ஆல்பர்ஸ். நூலின் குணம் தெரிந்த பிறகுதான் துணியை முடிவு செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி.

மூன்று விஷயங்கள் பேச நினைத்திருக்கிறேன். ஒன்று, அவருடைய வாழ்க்கை. இரண்டு, அவர் நெசவு சொல்லிக் கொடுத்த முறை. மூன்று, பிற்காலத்தில் அவர் செய்த அச்சுப் படங்கள்.

அன்னி 1899 ஜூன் 12 அன்று பெர்லினில் பிறந்தார். தந்தை மரச்சாமான் தயாரிப்பாளர். தாய், உல்ஸ்டைன் என்ற பெரிய பதிப்பகக் குடும்பத்துப் பெண். வசதிக்குக் குறைவில்லை. பிள்ளை ஓவியம் வரைந்தால் வீட்டில் ரசிப்பார்கள், அதையே தொழிலாக எடுத்துக்கொள்கிறேன் என்றால் யோசிப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து கிளம்பி 1922இல் வைமர் நகரத்தில் இருந்த பௌஹவுஸ் கலைப்பள்ளியில் சேர்ந்தார். முதல் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். இரண்டாவது தடவை இடம் கிடைத்தது.

1919இல் வால்ட்டர் குரோப்பியஸ் தொடங்கிய பள்ளி அது. ஆண் பெண் பேதம் இல்லை என்று அறிவித்துத்தான் தொடங்கினார்கள். ஆனால் பெண்கள் நிறையப் பேர் வந்து சேர்ந்ததும், பெரும்பாலானவர்களை நெசவுப் பட்டறைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். அன்னி ஆசைப்பட்டது கண்ணாடிப் பட்டறைக்கு. பின்னாளில் அவர் கணவரான ஜோசப் ஆல்பர்ஸ் வேலை செய்த இடம் அது. இடம் கிடைக்கவில்லை. பரம்பரையாக வந்த நரம்பு நோயால் அவருக்கு நடப்பதே சிரமம் என்பதால் மற்றப் பட்டறைகளும் ஒத்துவரவில்லை. மிஞ்சியது தறி. நெசவு என்றாலே பெண்பிள்ளைகள் வேலை என்று அவருக்கே முதலில் இளக்காரமாகத்தான் பட்டது. அப்புறம் பாவும் ஊடையும், அதாவது நெடுக்கு நூலும் குறுக்கு நூலும், கைக்குப் பழகப் பழக அந்த எண்ணம் போயேவிட்டது. 1925இல் அவருக்கும் ஜோசப்புக்கும் திருமணம் நடந்தது. பள்ளியும் அதே ஆண்டு டெஸ்ஸாவ் நகருக்கு இடம் மாறியது.

அங்கே அவர் நெய்த ஒரு துணியைப் பற்றி நெசவாளப் பெருமக்களுக்கு அவசியம் சொல்ல வேண்டும். பெர்லினுக்குப் பக்கத்தில் பெர்னாவ் என்ற ஊரில் தொழிற்சங்கங்கள் தங்களுக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளி கட்டின. அதன் அரங்கில் எதிரொலித் தொல்லை. அப்போதெல்லாம் சுவரில் வெல்வெட் துணி அடிப்பார்கள், அழுக்குத் தெரியாமலிருக்க அடர்ந்த நிறம் போடுவார்கள், அரங்கமே இருண்டுவிடும். அன்னி ஒரே துணியில் இரண்டு வேலையை முடித்தார். பின்பக்கம் புசுபுசுவென்று இருக்கும் செனில் நூல், அது சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். முன்பக்கம் செல்லோபேன், மிட்டாய் சுற்றி வரும் அதே கண்ணாடித்தாள். வெளிச்சம் பட்டால் பளிச்சென்று திருப்பி அடிக்கும், அழுக்குப் பட்டால் துடைத்துவிடலாம். அலங்காரத்துக்கு ஒரு பூ கிடையாது, ஒரு மாங்காய் கிடையாது. துணிக்கு என்ன வேலை என்று பார்த்து, அந்த வேலைக்கு எந்த நூல் என்று பார்த்து நெய்தது. இந்தத் துணிக்குத்தான் 1930இல் அவருக்குப் பட்டயம் கிடைத்தது. அடுத்த ஆண்டு குன்டா ஸ்டோல்சல் அம்மையார் விலகியபோது நெசவுப் பட்டறையின் பொறுப்பும் கொஞ்ச காலம் அவர் கைக்கு வந்தது.

1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். பள்ளி மூடப்பட்டது. அன்னி யூத வழி வந்தவர். அவருடைய வேலையைப் பார்த்து மதித்த பிலிப் ஜான்சன் என்ற அமெரிக்கரின் முயற்சியால், அதே ஆண்டு நவம்பரில் கணவனும் மனைவியும் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். வட கரோலினா மலைப்பகுதியில் புதிதாகத் தொடங்கியிருந்த பிளாக் மவுண்டன் கல்லூரியில் 1949 வரை இருவரும் ஆசிரியர்கள்.

இனி அவர் சொல்லிக் கொடுத்த முறைக்கு வருகிறேன். எடுத்த எடுப்பில் அவர் மாணவர்களைப் பெரிய தறியில் உட்கார வைக்க மாட்டார். மக்காச்சோள மணி, புல், சுள்ளி, காகிதம் என்று கையில் கிடைத்ததை எடுத்து மேசையில் பரப்பி, ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்க்கச் சொல்வார். எது சொரசொரப்பு, எது வழவழப்பு, எதன் பக்கத்தில் எது எடுபடுகிறது என்று கண்ணும் விரலும் படித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் பெருவில் பழங்காலத்திலிருந்து இருந்துவரும் இடுப்புத்தறி. பாவின் ஒரு முனையை மரத்திலோ கம்பத்திலோ கட்டிவிட்டு, மறுமுனையை வாரால் இடுப்பில் கட்டிக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்தால் பாவு இறுகும், முன்னால் வந்தால் தளரும். நெசவு என்றால் என்ன என்று உடம்புக்கே புரிந்த பிறகுதான் மற்றதெல்லாம். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பதற்கு இதைவிட நல்ல பாடத்திட்டம் உண்டா?

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். மாணவிகள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், நகை பற்றிய கதை. ஆல்பர்ஸ் தம்பதிக்கு மெக்சிகோ என்றால் உயிர். 1935இல் முதலில் போனார்கள், அப்புறம் திரும்பத் திரும்பப் போனார்கள். அங்கே வஹாக்கா பகுதியில் மோன்டே அல்பான் என்ற பழைய நகரம். 1932இல் அங்கே ஏழாம் எண் கல்லறையைத் தோண்டியபோது புதையலே கிடைத்தது. தங்கம், முத்து, பச்சைநீலக் கல், பளிங்கு என்று குவியல் குவியலாக நகைகள். அன்னியும் அவருடைய மாணவர் அலெக்ஸ் ரீடும் அந்த நகைகளைப் பார்த்து மலைத்து நின்றார்கள். தங்கத்தைக் கண்டு மலைத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்துக் கைவினைஞர் தங்கத்தின் பக்கத்திலேயே சர்வசாதாரணமான சிப்பியைக் கோத்திருந்தார். விலை உயர்ந்தது, விலை இல்லாதது என்ற கணக்கே அவரிடம் இல்லை. கண்ணுக்கு எது எதனோடு பொருந்தியதோ அதைக் கோத்திருந்தார்.

ஊர் திரும்பிய இருவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? நகைக்கடைக்குப் போகவில்லை. மலிவு விலைக் கடைகளுக்கும் இரும்புச் சாமான் கடைகளுக்கும் போனார்கள். சமையலறைத் தொட்டியில் தண்ணீர் போகும் வாயில் ஒரு சல்லடை வைப்போமே, சோற்றுப் பருக்கை அடைக்காமல் இருக்க, அதை ஒன்று வாங்கினார்கள். மணி மணியாகக் கோத்த மலிவான உலோகச் சங்கிலி ஒன்று. காகிதத்தில் குத்தும் கிளிப் ஒரு கைப்பிடி. சல்லடைதான் நடுவில் பதக்கம். அதன் கீழ் ஓட்டைகளில் வரிசையாகக் கிளிப்புகள் தொங்கும். மேலே சங்கிலி. கழுத்தில் போட்டுப் பார்த்தால் ஏதோ ஒரு பழைய அரச குடும்பத்து ஆபரணம் மாதிரி அப்படி ஒரு கம்பீரம்! திருகாணிக்குப் போடும் வாஷரை நாடாவில் கோத்து இன்னொரு மாலை. இப்படிப் பல செய்தார்கள். 1946இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய நகைக் கண்காட்சியில் இவர்களுடைய நகைகளும் இருந்தன. பவுன் விலையைக் கேட்டுப் பெற்றோர் படும் கவலையைத் தினமும் பார்க்கும் நம் வீட்டுப் பெண்கள் இந்தக் கதையை ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்றுதான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்.

அதே அருங்காட்சியகம் 1949இல் அன்னியின் துணிகளுக்கென்று ஒரு தனிக் கண்காட்சி நடத்தியது. ஒரு நெசவுக் கலைஞருக்கு அங்கே தனிக் கண்காட்சி நடந்தது அதுவே முதல் தடவை. பிறகு அது அமெரிக்காவிலும் கனடாவிலும் 26 இடங்களுக்குப் போய் வந்தது. 1960களின் நடுவில், நாஜிகள் கொன்ற அறுபது லட்சம் யூதர்களின் நினைவாக நியூயார்க் யூத அருங்காட்சியகம் ஒரு படைப்பு கேட்டது. ஆளுயரத்துக்கு ஆறு துணிகள் நெய்து கொடுத்தார். வெளிர் பழுப்பு, கறுப்பு, வெள்ளை, நடுவே வெள்ளி இழை. உருவம் எதுவும் இல்லை. ஊடையின் மேல் ஒரு நூல் எழுத்துப் போல வளைந்து வளைந்து போகும், படிக்க முடியாது.

இப்போது நான் எதற்காக இவரை இந்த மேடைக்குக் கொண்டு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். 1965இல் நெசவு பற்றி அவர் எழுதிய நூல் வந்தது. அதை யாருக்குச் சமர்ப்பித்தார்? கணவருக்கு இல்லை, குரோப்பியசுக்கு இல்லை. தன் மாபெரும் ஆசிரியர்களான பழங்காலப் பெரு நாட்டு நெசவாளர்களுக்கு. அவர்களில் ஒருவர் பெயரும் அவருக்குத் தெரியாது. பெயர் தெரியாதவர்களை ஆசிரியர் என்று ஏற்று வணங்கினார்.

அச்சுப் படங்கள் பற்றியும் ஒன்று சொல்லலாம். 1963இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து அச்சுப் பட்டறை ஒன்றில், கல்லில் வரைந்து காகிதத்தில் படம் எடுக்கும் கல்லச்சு பழகினார். 1970 வாக்கில் தறியை விட்டு அச்சுக் கலைக்கே போய்விட்டார். அந்தச் சமயத்தில் அவர் சொன்ன கருத்துதான் எனக்கு முக்கியம். இழையில் செய்தால் கைத்தொழில் என்கிறார்கள், அதையே காகிதத்தில் செய்தால் கலை என்கிறார்கள் என்றார். உலகமே மதித்த ஒருவருக்கே இந்த நிலை என்றால், நம் நெசவாளரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

சங்க நூலான பொருநராற்றுப்படையில் சோழ மன்னன் கரிகாலன், பாடி வந்த பொருநன் என்ற கலைஞனுக்கு ஒரு துணி கொடுக்கிறான். இழை போன வழியில் கண் போக முடியாத நுண்மை, மேலே பூ வேலை, பாம்பு உரித்த சட்டை போன்ற மென்மை என்று முடத்தாமக்கண்ணியார் பாடுகிறார். கொடுத்த மன்னன் பெயர் தெரியும், பாடிய புலவர் பெயர் தெரியும். நெய்தவர் பெயர் எங்கே?

அன்றைக்குத்தான் அப்படி, இன்றைக்காவது உண்டா? அண்மையில் ஒரு பெரிய கடையில் கைத்தறிப் பட்டு ஒன்றைப் பார்த்தேன். வடிவமைத்தவர் பெயர் பெரிதாக அச்சிட்டிருந்தது. நெய்தது யார் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. 2006இல் வந்த கைத்தறி முத்திரை, துணி கைத்தறிதான் என்று சொல்லும். காஞ்சிபுரம் பட்டுக்கு இருக்கும் புவிசார் குறியீடு ஊரைச் சொல்லும். ஆளைச் சொல்வது எது? உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் கோத்துச் சேரும் கோர்வைக் கரை போட்ட சேலையைத் தறியில் ஒருவர் தனியாக நெய்துவிட முடியாது. கரைக்கு ஊடை நூலைக் கொண்டுபோகும் கட்டையான நாடாவைப் போட பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். ஊடை நூலைக் குச்சியில் தார் சுற்றுவதும் பழைய பாவோடு புதுப் பாவு பிணைப்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். 2019-20 கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறித் தொழிலில் இருப்பவர்கள் 35 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். நூலைப் போல சேலை என்கிறோம், சேலைக்குப் பின்னால் இருக்கும் தாயைக் கேட்கிறோமா?

இது நடக்காத காரியம் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனமே பட்டுச் சேலையோடு நெய்தவரின் படத்தையும் பெயரையும் அட்டையில் அச்சிட்டுக் கொடுத்தது. நம் ஊர்ச் சங்கத்தில் அதை எல்லாத் துணிக்கும் செய்ய வேண்டும், நெய்தவர் பெயரோடு கரை நாடா போட்டவர் பெயரும் தார் சுற்றியவர் பெயரும் அதில் வர வேண்டும் என்பதுதான் நாங்கள் இரண்டு ஆண்டுகளாகக் கேட்டு வருவது. சங்கத் தலைவர் இதே மேடையில் இருக்கிறார். மனு அவரிடம் ஏற்கெனவே போயிருக்கிறது, அடுத்த பொதுக்குழுவில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். வாசலில் இடது பக்க மேசையில் கையெழுத்துத் தாள்கள் இருக்கின்றன. நெசவாளர்கள் கையெழுத்தின் கீழே தங்கள் வீட்டில் தார் சுற்றுபவரின் பெயரையும் எழுதுங்கள். மாணவிகள் இருவர் அங்கே உட்கார்ந்து எழுத உதவுவார்கள். துணி வாங்கப் போகிறவர்கள் கடையில் விலையைக் கேட்பதற்கு முன் நெய்தது யார் என்று கேளுங்கள். அடுத்துப் பேச இருக்கும் அம்மையாருக்கு வழிவிட்டு விடைபெறுகிறேன். நன்றி, வணக்கம்.