சிறுநீர் அடைத்தால் குழந்தைக்கு மூச்சு ஏன் திணறுகிறது?

வணக்கம் மக்களே! கருவில் இருக்கும் குழந்தை சிறுநீர் கழிக்குமா? கழிக்கும். எங்கே? தான் மிதக்கிற பனிக்குட நீருக்குள்ளேயே. அப்புறம் அதையே குடிக்கும். முகம் சுளிக்காதீர்கள், நீங்களும் நானும் மாதக்கணக்கில் குடித்ததுதான்!

[திரையில்: கருவின் படம், சிறுநீரகங்கள் மட்டும் சிவப்பில்]

பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன். கருவில் இரண்டு தற்காலிகச் சிறுநீரகங்கள் தோன்றி மறைகின்றன. மூன்றாவதாக வருவதுதான் நிலைக்கிறது. முதல் 3 மாதம் முடிவதற்குள் அதில் சிறுநீர் ஊற ஆரம்பித்துவிடும். அவ்வளவுதான்.

இப்போது எனக்குப் பிடித்த இடம். கருவின் ரத்தத்திலிருந்து கழிவை நீக்குவது நஞ்சுக்கொடி. அப்படியென்றால் சிறுநீரகம் எதற்கு இவ்வளவு சீக்கிரம் வேலை செய்ய வேண்டும்? பனிக்குடத்தை நிரப்பத்தான்! கர்ப்பத்தின் பிற்பாதியில் அந்த நீரில் பெரும்பங்கு குழந்தையின் சிறுநீர்தான். சிறுநீர் அடைத்து, அந்த நீர் வற்றினால் கருப்பைச் சுவர் குழந்தையை நெருக்கும். நுரையீரலை உள்ளிருந்து விரித்து வைக்க வேண்டிய திரவமும் வெளியேறிவிடும். நுரையீரல் வளராமல் சிறுத்துப்போகும். அடைப்பு சிறுநீர்ப் பாதையில், பிறந்ததும் உயிருக்கு ஆபத்து மூச்சில். மருத்துவத்தில் இதைவிட வினோதமான தொடர்பை நான் படித்ததில்லை.

அடைப்பு எப்படி வருகிறது? காரணங்கள் பல. கடுமையானவற்றில் முக்கியமானது ஆண் குழந்தைகளுக்கு மட்டுமே வருவது: சிறுநீர் வெளியேறும் குழாயில் மெல்லிய சவ்வு மடிப்பு ஒன்று. காற்றில் பாய்மரம் உப்புவது போல, சிறுநீர் இறங்கும்போது அது விரிந்து வழியை மறிக்கும். வேடிக்கை என்னவென்றால், பிறந்த பிறகு கீழிருந்து மெல்லிய குழாயைச் செலுத்தினால் பெரும்பாலும் தடையில்லாமல் போய்விடும்! ஸ்கேனில், வீங்கிய சிறுநீர்ப்பையும் அதன் கீழ்க்குழாயும் சேர்ந்து சாவித்துளை மாதிரி தெரியும்.

[திரையில்: சாவித்துளை வடிவம்]

சிறுநீர் பின்னோக்கி அழுத்த, சிறுநீரகம் வீங்கும். வடிகட்டும் நெஃப்ரான்கள் சுமார் 36 வாரம் வரைதான் புதிதாக உருவாகும். அதன் பிறகு புதிதாக ஒன்றுகூட வராது. அதனால் அடைப்பு எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ, அவ்வளவு சேதம்.

கருவிலேயே சரிசெய்ய முடியாதா? 1981இல் சான் பிரான்சிஸ்கோவில் அறுவை சிகிச்சை மருத்துவர் மைக்கேல் ஹாரிசனின் குழு கருப்பையைத் திறந்து, கருவின் சிறுநீர் வெளியேற வழி அமைத்தது. அறுவை சிகிச்சை நடந்தது, கர்ப்பமும் தொடர்ந்தது. ஆனால் பிறந்த குழந்தை பிழைக்கவில்லை. காரணம்? வளராத நுரையீரல்தான். இன்று சில கருக்களுக்குச் சிறுநீர்ப்பையிலிருந்து பனிக்குடத்துக்கு ஒரு சிறு குழாய் வைக்கிறார்கள். உயிர் பிழைக்க உதவலாம், ஆனால் சிறுநீரகம் தேறும் என்று உறுதி சொல்ல முடியாது.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘சிறுநீரகத்தில் லேசான வீக்கம்’ என்று பார்த்துப் பதறுபவர்களே, லேசானவற்றில் பெரும்பாலானவை தானாகவே சரியாகிவிடும். பிறந்த பிறகு எடுக்கச் சொல்லும் ஸ்கேனை மட்டும் தவறவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்கள். ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்!