மஞ்சப்பையை மேசையில் கவிழ்ப்போம்

நேயர்களுக்கு வணக்கம்.

கொங்குப் பகுதியில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில், தொற்றா நோய்ப் பிரிவில் நான் செவிலியர். பிரஷர் பார்ப்பது, விரல் நுனியில் குத்தி சுகர் பார்ப்பது, நோட்டில் எழுதுவது, அடுத்த தேதி சொல்லி அனுப்புவது என்று பல வருடங்களாக என் காலை நேரம் இப்படித்தான் போகிறது. ஒரே ஆளுக்கு நாலைந்து நாள்பட்ட நோய்கள் சேர்ந்து இருந்தால் அவரை எப்படிக் கவனித்துக்கொள்வது என்று பேசச் சொல்லி இன்றைக்கு அழைத்திருக்கிறார்கள். ஒரு மஞ்சப்பையிலிருந்து தொடங்குகிறேன்.

அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா. அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். பதினாலு வருடமாக சுகர், அப்புறம் பிரஷர், மூட்டு வலி. அன்றைக்கு இரண்டு காலும் வீங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "கண்ணு, எல்லா மாத்திரையும் ஒழுங்காத்தான் முழுங்கறேன், அப்புறமும் இப்படி ஆயிருச்சு" என்றார். எல்லா மாத்திரையும் என்றால் எத்தனை என்று கேட்டேன். பையை நீட்டினார். வாங்கி மேசையில் கவிழ்த்தேன். பதினோரு அட்டை.

அவர் எங்கே எப்போது வாங்கியது என்று சொல்லச் சொல்ல, நான் ஒவ்வொன்றாக வரிசையில் வைத்தேன். பெரியாஸ்பத்திரியில் பிரஷருக்கு அம்லோடிபின் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கிலும் பிரஷர் கூடுதலாக இருக்கிறது என்று ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். அதன் மேல் இருந்த பெயர் வேறு, நிறமும் வேறு. ஆனால் உள்ளே இருந்ததும் அம்லோடிபின்தான். அந்த மருந்தின் அளவு கூடினால் சிலருக்குக் கால் வீங்கும். வீங்கியது. வீக்கத்துக்கு இன்னொரு இடத்தில் நீர் மாத்திரை கொடுத்தார்கள். மருந்தால் வரும் அந்த வீக்கம் நீர் மாத்திரைக்குச் சரியாக அடங்காது. ஆனால் நீர் மட்டும் நிறையப் போகும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். அந்த மாத்திரையை இவர் ராத்திரியில் போட்டிருக்கிறார். நடுராத்திரி மூன்று தடவை எழுந்து வாசலுக்குப் போய் வந்ததில் ஒரு நாள் படியில் தடுக்கி விழுந்தார். ஏற்கெனவே வலித்த முழங்கால் இன்னும் வலித்தது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கி, தினமும் ரெண்டு வேளை, ஆறு மாதம் சாப்பிட்டிருக்கிறார். அந்த வலி மாத்திரை பிரஷரைத் தூக்கிவிடும். பிரஷர் ஏறியதால் பெரியாஸ்பத்திரியில் டெல்மிசார்டனையும் சேர்த்தார்கள். டெல்மிசார்டன், நீர் மாத்திரை, வலி மாத்திரை இந்த மூன்றும் ஒரே உடம்பில் சேர்வது கிட்னிக்கு ஆகவே ஆகாது. அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிரியாட்டினின் ஏறியிருந்தது. கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் தேங்குகிற கழிவு அது. கிட்னி தளர்ந்தால் சில சுகர் மாத்திரைகள் வெளியேறாமல் உடம்பிலேயே அதிக நேரம் தங்கும். சுகர் இறங்கிப்போய் விடியற்காலையில் அவருக்கு வேர்த்துக் கொட்டுவதும் அதனால்தான் என்று எங்கள் மருத்துவர் சொன்னார்.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? ஒவ்வொரு சீட்டையும் தனியாக எடுத்துப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. பிரஷர் இருந்தது, பிரஷர் மாத்திரை எழுதினார்கள். வீக்கம் இருந்தது, வீக்கத்துக்கு எழுதினார்கள். பதினோரு அட்டையையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்த ஆள்தான், இவை ஒவ்வொன்றாகச் சேர்ந்த இரண்டு வருடமாக யாருமே இல்லை. எனக்கும் இதில் பங்கு உண்டு. அந்த அம்மா மாதாமாதம் என்னிடம் வந்துகொண்டுதான் இருந்தார். நான் பிரஷர் எழுதினேன், சுகர் எழுதினேன், அடுத்த தேதி சொன்னேன். பையில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. அதை இன்றும் நினைத்து வருத்தப்படுகிறேன்.

நோயாளியின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். சுகருக்கு ஒரு நாள், கண்ணுக்கு ஒரு நாள், கிட்னிக்கு ஒரு நாள், மூட்டுக்கு ஒரு நாள். ஒவ்வொரு நாளும் ரெண்டு பஸ் மாற வேண்டும், விடியற்காலையில் வரிசை, வெறும் வயிற்றில் ரத்தம், மத்தியானம் வரைக்கும் காத்திருப்பு, அன்றைய கூலி போச்சு. வேலைக்குப் போகிற ஒருவருக்கு மாதத்தில் நாலு நாள் இப்படிப் போனால், அவர் எதை முதலில் விடுவார்? வலி இல்லாத நோயைத்தான் விடுவார். பிரஷரும் கிட்னியும் ஆரம்பத்தில் வலிப்பதே இல்லை. "மருந்தை ஒழுங்காச் சாப்பிடுவதில்லை" என்று நாம் திட்டுகிற பலரும் அப்படி விட்டவர்கள்தான்.

தமிழ்நாடு இந்த வேலையைத் தாமதமாகத் தொடங்கவில்லை. 2007 வாக்கில் விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் ரத்தக்கொதிப்புக்கான முன்னோட்டத் திட்டம் வந்தது. 2012லிருந்து தொற்றா நோய்த் திட்டம் மாநிலம் முழுவதும் படிப்படியாக விரிந்தது. என்னைப் போன்ற செவிலியர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தது அதனால்தான். அப்புறம் 2020இல் மாநிலம் தழுவிய ஒரு கணக்கெடுப்பு நடந்தது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு 7.3 பேருக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. பயிற்சி வகுப்பில் அந்த எண்ணைத் திரையில் பார்த்தபோது எங்களில் ஒருவரும் பேசவில்லை. மாத்திரை இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது, நாங்கள் இருந்தோம். அப்படியும் நூற்றுக்கு ஏழு!

மறு வருடம், 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள் தன்னார்வலர்களாக வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களிடம் நோய்த் தணிப்புச் செவிலியர் போகிறார், இயன்முறை மருத்துவர் போகிறார். வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான பைகள் போகின்றன. 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் இதற்குக் கிடைத்தது. எனக்கு இந்தத் திட்டத்தின் மேல் நிஜமான மரியாதை உண்டு. மாத்திரை வீட்டுக்கு வருவது மட்டும் அதற்குக் காரணம் இல்லை. நான் பார்க்க முடியாததை அந்தத் தன்னார்வலர் பார்க்கிறார். வீட்டு அலமாரியில் இன்னொரு பை இருப்பது அவருக்குத்தான் தெரியும். ரேஷன் அரிசியும் ரசமும் மட்டுமே சாப்பிட்டு மூன்று மாத்திரை முழுங்குகிற வீடு எது, மருமகளோடு மனஸ்தாபத்தில் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு சுகர் மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்கிற மாமியார் யார், எல்லாம் அவருக்குத் தெரியும். இதெல்லாம் எந்த ரத்தப் பரிசோதனையில் வரும்?

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாத்திரை கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு வேலை. அந்த வீட்டில் இருக்கிற ஐந்து நோயையும் சேர்த்துப் பார்ப்பது வேறு வேலை. தன்னார்வலர் கண்டதை என்னிடம் சொல்ல வேண்டும், நான் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், மருத்துவர் பெரியாஸ்பத்திரியோடு பேச வேண்டும், அங்கே முடிவானது திரும்ப அந்த வீட்டு வாசல் வரைக்கும் வந்து சேர வேண்டும். இந்த நடையை யாராவது நடக்க வேண்டும். எத்தனை பேருக்குச் சேவை கொடுத்தோம் என்று எங்களை எண்ணச் சொல்கிறார்கள், எண்ணுகிறோம். எத்தனை பேருடைய பையைத் திறந்து பார்த்தோம் என்பதையும் சேர்த்து எண்ணச் சொன்னால் நன்றாக இருக்கும்.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று எங்கள் மருத்துவர் ஒருமுறை எடுத்துச் சொன்னார். ஸ்காட்லாந்தில் சுமார் 17.5 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்து 2012இல் ஒரு ஆய்வு வந்தது. நூற்றுக்கு 23 பேருக்கு இரண்டு அல்லது அதற்கு மேல் நாள்பட்ட நோய்கள். அதைவிட என்னை உறுத்தியது இன்னொரு விஷயம். மிக ஏழ்மையான பகுதிகளில், வசதியான பகுதிகளைவிட 10 முதல் 15 வருடம் முன்னதாகவே நோய்கள் இப்படிச் சேர்ந்துவிடுகின்றன. எனக்கு உடனே எங்கள் ஊர் செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். நாற்பத்தைந்து வயதில் சுகர், பிரஷர், கிட்னி மூன்றோடும் வருகிறார்கள்.

பிரிட்டனில் 33 குடும்ப மருத்துவ மையங்களில் சுமார் 1,500 பேரை வைத்து ஒரு முயற்சி செய்தார்கள். நோய்க்கு நோய் தனித்தனியாக வரச் சொல்லாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை செவிலியரும் மருத்துவரும் மருந்தாளுநரும் ஒருவரையே முழுதாகப் பார்த்தார்கள். முடிவு 2018இல் வந்தது. நோயாளிகளின் வாழ்க்கைத் தரம் என்ற அளவுகோலில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஆனால் தங்களுக்கு எது முக்கியமோ அதைக் கேட்டுக் கவனித்தார்கள் என்று அந்த நோயாளிகள் சொன்னார்கள். இதைச் சிலர் தோல்வி என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பதினாலு வருடமாக வரிசையில் நிற்கிற ஒருவரை உட்காரவைத்து, "உங்களை எதும்மா ரொம்பப் படுத்துது?" என்று கேட்பதே ஒரு சிகிச்சை.

அந்த அம்மாவிடம் அதைத்தான் கேட்டோம். சுகர் என்பார் என்று நினைத்தேன். "ராத்திரி எந்திரிக்காமத் தூங்கோணும் கண்ணு, அது போதும்" என்றார். மருத்துவர் பெரியாஸ்பத்திரிக்குப் போன் செய்து பேசினார். இரட்டையாக இருந்த அம்லோடிபினில் ஒன்று போனது. வீக்கம் வடிந்ததும் நீர் மாத்திரை போனது. டைக்ளோஃபெனாக்கை நிறுத்தினார்கள். தேவைப்படும்போது மட்டும் பாராசிட்டமால் போடச் சொன்னார்கள், தொடைத் தசைக்கு உட்கார்ந்தபடியே செய்கிற பயிற்சியை இயன்முறை மருத்துவர் சொல்லிக் கொடுத்தார். சுகர் மாத்திரையின் அளவும் மாறியது. பதினோரு அட்டை ஆறாகக் குறைந்தது. கிட்னி பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மேலே கெடாமல் நிற்கிறது. ராத்திரி தூங்குகிறார்.

அதற்குப் பிறகு எங்கள் நிலையத்தில் செவ்வாய்க்கிழமைகளில், மூன்று நோய்க்கு மேல் இருப்பவர்களைப் பையோடு வரச் சொல்கிறோம். மருந்தாளுநர் அட்டைகளைப் பிரித்து வைப்பார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் மாத்திரையின் பெயர், எதற்காக, யார் எழுதினார்கள், எப்போதிலிருந்து என்று எழுதுவேன். ஒருவருக்கு இருபது நிமிடம் ஆகும். ஓ.பி. கூட்டத்தில் இருபது நிமிடம் என்பது லேசான விஷயம் இல்லை, வாரத்துக்கு ஆறேழு பேரைத்தான் பார்க்க முடிகிறது. அந்த ஆறேழு பேர் அடுத்த மாதம் அவசரமாகத் தூக்கிவரப்படாமல் இருந்தால் எங்களுக்கு அந்த நேரம் திரும்பக் கிடைத்துவிடுகிறது.

வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான் சொன்ன மாத்திரை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இதைக் கேட்டுவிட்டு நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்கும் பிரஷருக்கும் கொடுக்கிற சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவது பெரிய ஆபத்து. இன்சுலினும் அப்படித்தான். பையை எடுத்துக்கொண்டு வாருங்கள். அதில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியது, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது, சூரணம், லேகியம் எல்லாம் இருக்கட்டும். யாரும் திட்ட மாட்டார்கள் என்று என் நிலையத்தைப் பொறுத்தவரை உறுதி சொல்கிறேன். வாந்தி, பேதி என்று ரெண்டு நாள் சாப்பிட முடியாமல் படுத்தால், சுகர் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் வழக்கம்போலப் போடலாமா என்று அன்றைக்கே கேளுங்கள். கிட்னி தளர்ந்தவர்களுக்கு அந்த ரெண்டு நாள்தான் ரொம்ப மோசமான நாள்.

பெரிய மருத்துவமனைகளில் இருக்கிற மருத்துவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் புதிதாகத் தொடங்கிய மாத்திரைகளை எழுதித் தருகிறீர்கள். எந்த மாத்திரையை நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்பதையும் கீழே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அந்த வரி இல்லாததால், பழைய அட்டை தீர்ந்ததும் நாங்கள் இங்கே மறுபடியும் அதையே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

நன்றி. வணக்கம்.