மூன்றாம் மண்டலம் சரி, உங்கள் மனையின் மண் என்ன?

வணக்கம். பின்னால் கேட்கும் 'டங், டங்' சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள், ஒரு மனையில் நடக்கும் மண் பரிசோதனையின் சத்தம் அது, இன்றைய பேச்சே அதைப் பற்றித்தான். சென்னையில் வீடு கட்டப்போகும் பலர் என்னிடம் கேட்பது இது: "நாம் மூன்றாம் நிலநடுக்க மண்டலம்தானே சார், அதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது?"

நிறைய இருக்கிறது. நிலநடுக்கத்தைத் தாங்கக் கட்டுவதற்கான இந்திய விதிநூல் ஐஎஸ் 1893. எவ்வளவு அதிர்வை எதிர்பார்த்துக் கட்ட வேண்டும் என்பதற்கு, அதன் 2016 பதிப்பு மூன்றாம் மண்டலத்துக்குக் கொடுத்த எண் 0.16. சார்னோக்கைட் பாறை தலைநீட்டும் பரங்கிமலைக்கும், சதுப்பை ஒட்டிய பள்ளிக்கரணைக் களிமண்ணுக்கும் அதே 0.16 தான். தவிர, அந்த வரைபடமும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2002-க்கு முன்பு சென்னை இரண்டாம் மண்டலம். 1993-இல் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட மகாராஷ்டிரத்தின் கில்லாரி, அப்போது ஆபத்து மிகக் குறைவு என்று குறிக்கப்பட்ட முதல் மண்டலத்தில் இருந்தது!

மண் என்ன செய்யும் என்பதற்கு மெக்சிகோ நகரத்தைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. 1985 செப்டம்பர் 19 அன்று நிலம் அதிர்ந்தது 350 கிலோமீட்டருக்கு அப்பால், பசிபிக் கரையோரம். நகரத்திலேயே பாறைமேல் இருந்த பகுதிகள் பெரும்பாலும் தப்பின. பழைய ஏரிப் படுகையின் களிமண்மேல் எழுந்த பகுதியில் அதிர்வு பல மடங்கு பெருகியது. அந்தக் களிமண் ஏறத்தாழ இரண்டு வினாடிக்கு ஒரு முறை ஆடியது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? ஏறக்குறைய அதே தாளத்தில் ஆடக்கூடிய, ஆறு முதல் பதினைந்து மாடி வரையிலான கட்டடங்கள்தான் அதிகம் அடிவாங்கின. அவற்றைவிடக் குட்டையான வீடுகள் பல நின்றன.

கேமராவை இப்படித் திருப்புகிறேன். முக்காலிக்குக் கீழே நிற்கும் கம்பியில் சாக்கட்டியால் மூன்று கோடு போட்டிருக்கிறார்கள், தெரிகிறதா? ஒவ்வொன்றுக்கும் நடுவே 15 சென்டிமீட்டர். 63.5 கிலோ எடை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. கம்பி இறங்கும் முதல் 15 சென்டிமீட்டர் கணக்கில் வராது, அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எடை எத்தனை முறை விழுந்து அடிக்கிறது என்பதைத்தான் எண்ணுவார்கள். இங்கே மூன்று மீட்டர் ஆழத்தில் இரண்டும் மூன்றுமாக மொத்தம் 5 முறை. கம்பியின் நுனியில் மண்ணை எடுத்துவரும் குழாயைப் பிரித்தால் சாம்பல் நிறக் களிமண், விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது. ஆழத்துக்கேற்பத் திருத்திய எண்ணிக்கை, அதே பதிப்பின்படி, 10-க்குக் கீழே என்றால் மென்மண், 30-க்கு மேலே என்றால் கெட்டி மண் அல்லது பாறை. ஒரு மட்டத்து எண்ணை வைத்து முடிவு செய்துவிட முடியாது, இன்னும் ஆழம் போக வேண்டும்.

இந்த எண் கணக்கில் எங்கே நுழைகிறது? கட்டடத்துக்கு ஓர் அலைவு நேரம் உண்டு, அதாவது ஒரு முறை ஆடித் திரும்ப எடுக்கும் நேரம். தோராயமாக மாடிக்கு 0.1 வினாடி. பத்து மாடிக்கு ஒரு வினாடி வருகிறது. அந்த இடத்தில் விதிநூலின் அந்தப் பதிப்பு, பாறைக்குப் போடும் நிலநடுக்க விசையைப் போல் 1.67 மடங்கை மென்மண்ணுக்குப் போடச் சொல்கிறது. தூணின் அளவும் கம்பியும் அதற்கேற்ப ஏறும். இரண்டு மாடி வீட்டுக்கோ பாறையானாலும் களிமண்ணானாலும் விசைக் கணக்கு ஒன்றேதான்! அதற்காக மண் பரிசோதனையைத் தவிர்த்துவிடாதீர்கள். நிலத்தடி நீர் மேலே நிற்கும் தளர்ந்த மணலாக இருந்தால், அதிரும்போது மணல் குழம்பாகிப் பிடியை விட்டுவிடும். அஸ்திவாரம் ஒரு பக்கமாக அமிழ்ந்தபின் தூண் எவ்வளவு உறுதியாக இருந்து என்ன பயன்?

பக்கத்து மனையின் அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கும் பழக்கமும் இங்கே உண்டு. எனக்கு எரிச்சல் மூட்டும் விஷயம் அது. பழைய குளத்தைத் தூர்த்த இடத்தில் முப்பதடி தள்ளினால் மண்ணே வேறு.

அகமதாபாத்தையும் சொல்லியாக வேண்டும். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தை உலுக்கிய பூஜ் நிலநடுக்க மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருந்த நகரம். ஆற்று வண்டல்மேல், கீழ்த்தளத்தைக் கார் நிறுத்தச் சுவரில்லாமல் விட்டுக் கட்டிய அடுக்ககங்கள் பல அங்கே சரிந்தன. மேலே சுவர்களின் விறைப்பு, கீழே வெறும் தூண்கள்; ஆட்டம் முழுவதும் அந்தத் தூண்களின் தலையில் இறங்கியது. நம் தெருக்களில் எத்தனை அடுக்ககங்கள் இதே அமைப்பில் நிற்கின்றன என்று நடந்துபோகும்போது பாருங்கள்.

ஆகவே வடிவமைப்பாளரிடம் மூன்று விவரம் கேளுங்கள்: மண் எந்த வகை, கட்டடத்தின் அலைவு நேரம் எவ்வளவு, கார் நிறுத்தும் தளத்தில் கான்கிரீட் சுவர் எங்கே வருகிறது. மூன்றும் இருக்கும் கணக்குத்தாளைக் கையில் வாங்கிப் பாருங்கள். காட்டத் தயங்கினால், முன்பணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.