"கிடைக்கப்பெறவில்லை" என்று எழுதியவன் பேசுகிறேன்

(ஊர் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது, வருவாய்த் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றியவர் என்றார். அதில் ஒன்பது ஆண்டுகள் பழைய கோப்புகளைக் கட்டிவைக்கும் பதிவறையில் கழிந்ததைப் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். பதிவறைக்கு யாரும் விரும்பிப் போவதில்லை, அனுப்பி வைக்கப்படுகிறார்கள். நான் எதற்காக அனுப்பப்பட்டேன் என்பது இன்றைய தலைப்பில் வராது.

தகவல் உரிமைச் சட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். எதற்குக் கேட்கிறாய் என்று யாரும் கேட்கக் கூடாது. முப்பது நாளில் பதில் வர வேண்டும். 2005 அக்டோபர் 12 முதல் இதுதான் நடைமுறை. அதற்கு முன்பே, 1997-இல், சொந்தமாக இப்படி ஒரு சட்டம் போட்ட முதல் மாநிலம் தமிழ்நாடு என்று மேடைகளில் சொல்லிக்கொள்கிறோம். அந்தச் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர்கூட என் பதிவறை வாசலுக்கு வந்ததில்லை.

2005-க்குப் பிறகு வந்தார்கள். அவர்களில் ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய கணவருக்கு 1974-இல் நில ஒப்படை, அதாவது அரசு நிலம் ஒதுக்கித் தருவது, ஆகியிருந்தது. பட்டா எங்கோ தொலைந்துவிட்டது, பக்கத்து நிலத்துக்காரர் வரப்பைத் தள்ளிக்கொண்டே வருகிறார். ஒப்படைக் கோப்பின் நகல் வேண்டும் என்று பேரனை எழுதச் சொல்லி மனுப் போட்டிருந்தார். பொதுத் தகவல் அலுவலரான துணை வட்டாட்சியர் எனக்கு ஒரு சீட்டு அனுப்பினார். இரண்டு அலமாரிகளில் அரை மணி நேரம் தேடினேன். 1974 என்று எழுதிய கட்டுகளை அவிழ்த்துப் பார்த்தேன். தூசியில் தும்மல் வந்தது. "மேற்படி கோப்பு பதிவறையில் கிடைக்கப்பெறவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். இருபத்தெட்டாம் நாள் பதில் போய்விட்டது. சட்டப்படி தாமதமே இல்லை. அலுவலகத்தின் மாதாந்திர அறிக்கையில் அது பைசல் ஆன மனு.

இரண்டரை ஆண்டு கழித்து வெள்ளையடிப்பதற்காக அலமாரிகளை நகர்த்தினோம். ஜமாபந்தி என்னும் ஆண்டுத் தணிக்கைக்கான கிராமக் கணக்குகளுக்கு நடுவே சிவப்புத் துணியில் ஒரு கட்டு இருந்தது. மேலே மையால் "1384" என்று எழுதியிருந்தது. அது பசலி, வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு. 1974 ஜூலை முதல் 1975 ஜூன் வரை. கட்டிவைத்தவர் பசலி எழுதினார், தேடியவன் ஆங்கில ஆண்டைத் தேடினான். கோப்பு முழுசாக இருந்தது, ஒரு தாளைக்கூடக் கரையான் தொடவில்லை. எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

"கிடைக்கவில்லை" என்பது சட்டத்தில் இல்லாத பதில். எட்டாவது பிரிவில் தகவலை மறுப்பதற்கான காரணங்கள் வரிசையாக இருக்கின்றன, காணாமல் போனது என்பது அதில் ஒன்றல்ல. ஒரு காலத்தில் இருந்த ஆவணத்தைக் காணோம் என்றால் முறையாகத் தேடி, விசாரித்து, பொறுப்பானவர் யார் என்று கண்டறிய வேண்டும் என்று 2013-இல் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. சொல்லி என்ன? எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று பட்டியல் இல்லாத அறையில், காணோம் என்பதை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

நீங்கள் பெறும் அரசுக் கடிதத்தின் மேல் மூலையைப் பாருங்கள். ஓ.மு. என்றால் ஓராண்டு முடிவு, மூ.மு. என்றால் மூன்றாண்டு முடிவு, ப.மு. என்றால் பத்தாண்டு முடிவு. கோப்பு எத்தனை ஆண்டு உயிரோடு இருக்க வேண்டும் என்பதை அதை முடிக்கும் அன்றே தீர்மானித்துவிடுவார்கள். பத்தாண்டு வைக்க வேண்டியதை ஓ.மு. என்று முடித்தால், மறு ஆண்டு அது அழிக்க வேண்டிய குவியலில் சேர்ந்துவிடும். பல நேரம் இதில் சூழ்ச்சி ஒன்றும் இருக்காது, மாதக் கடைசியின் அவசரம்தான்.

நான்காவது பிரிவின் முதல் வரியே ஆவணங்களை அட்டவணைப்படுத்தி வைக்கச் சொல்கிறது. அடுத்த உட்பிரிவு, அலுவலகத்தின் பணிகள், அதிகாரிகளின் ஊதியம் போன்ற விவரங்களை 120 நாளுக்குள் வெளியிடச் சொல்கிறது. அதற்கு நாள் உண்டு, அட்டவணைக்கு நாள் இல்லை. கணினிமயமாக்கலுக்கோ "நியாயமான காலத்துக்குள்", அதுவும் நிதிவசதி இருந்தால். நாள் குறிக்காத வேலையை அரசு அலுவலகம் எப்படிச் செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அபராதத்தையும் பாருங்கள். நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்சவரம்பு 25,000. வகுத்தால் நூறு நாள். நூற்றோராம் நாளிலிருந்து தாமதம் இலவசம். அந்த அபராதமும் தகவல் ஆணையம் விதித்தால்தான் உண்டு. அதே துறையின் மேலதிகாரியிடம் போகும் முதல் மேல்முறையீட்டை 30 நாளில், மிஞ்சினால் 45 நாளில் முடிக்க வேண்டும். இரண்டாம் மேல்முறையீட்டோடு ஆணையத்துக்குப் போனால் சட்டத்தில் கெடுவே கிடையாது. நாடு முழுக்க ஆணையங்களில் நான்கு லட்சத்துக்கும் மேல் மனுக்கள் தேங்கியிருந்தன என்று 2024 ஜூன் நிலவரத்தை வைத்து சதர்க் நாக்ரிக் சங்கதன் என்ற தன்னார்வ அமைப்பு கணக்குச் சொன்னது. ஆணையர் காலியிடங்களை உரிய நேரத்தில் நிரப்பச் சொல்லி 2019-இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மறு ஆண்டு மே மாதத்திலிருந்து ஜார்க்கண்டில் ஆணையர் ஒருவர்கூட இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஆணையம் பூட்டிக் கிடந்தது.

சீர்திருத்தம் என்றதும் இணையதளம் என்கிறார்கள். நான் எதிரி இல்லை. பட்டாவும் வில்லங்கச் சான்றும் இணையத்தில் வந்த பிறகு அவற்றுக்காக யாரும் பதிவறைக்காரன் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. ஆனால் அவை வந்தது பட்டியல் போட்ட பிறகு. ராஜஸ்தானில் 1996-இல் தகவல் உரிமை கேட்டு பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா இருந்தார்களே, அவர்கள் கேட்டதும் அரசு வேலைகளின் கூலிப் பட்டியல் நகலைத்தான். அதை ஊர் நடுவில் உரக்கப் படித்தபோதுதான், வேலைக்கே வராதவர்கள் பெயரிலும் கூலி எழுதியிருந்தது தெரிந்தது. பெயர் இருந்ததால் பிடிபட்டது. இப்போது தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே எட்டாவது பிரிவைத் திருத்தி, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கியிருக்கிறார்கள். பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்ற உட்பிரிவு ஒன்று மிச்சம் இருக்கிறது. பயந்த எழுத்தர் அதைத் திறந்தே பார்க்க மாட்டார், நான் பார்த்திருக்க மாட்டேன்.

என்னைக் கேட்டால், அட்டவணைக்கு நாள் குறியுங்கள், ஆணையத்துக்கும் கெடு வையுங்கள், பதிவறைக்குத் தண்டனையாக ஆள் அனுப்புவதை நிறுத்துங்கள். இந்தக் கூட்டத்துக்கு ஒப்புக்கொண்டதும் நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்துக்கே ஒரு மனுப் போட்டேன். நான்காவது பிரிவின்படி தயாரித்த ஆவண அட்டவணையின் நகல் வேண்டும் என்று கேட்டேன். இருபத்தொன்பதாம் நாள் பதில் வந்தது: "அத்தகைய அட்டவணை இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை." கையொப்பமிட்டிருந்தவர் நான் வேலை கற்றுக்கொடுத்த பையன். வாக்கியம் சுத்தமாக இருந்தது. நேற்று முதல் மேல்முறையீட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.