அந்த ஆணியை ஏன் யாரும் பிடுங்கவில்லை?

(தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வட்டாரத் தமிழ் மன்றத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது. எழுதும்போது அங்கங்கே கொஞ்சம் சேர்த்திருக்கிறேன்.)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, கோயில் அறங்காவலர்களே, இந்த மழையிலும் டர்பனின் பீனிக்ஸ் பகுதியிலிருந்து காரோட்டி வந்திருக்கும் தமிழாசிரியை அம்மா அவர்களே, வார்டு கவுன்சிலர் அவர்களே, முன் வரிசையில் இருக்கும் ஆயாமார்களே, தாத்தாமார்களே, உட்கார இடம் இல்லாமல் கதவோரம் நிற்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. 2022 வெள்ளத்தில் இந்த மண்டபத்தின் கூரை ஒழுகியபோது, எழுபத்தொரு வயதில் ஏணி வைத்து ஏறித் தார்பாய் கட்டியவர் அவர். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். தமிழாசிரியை அம்மாவிடம் என் அக்கா ஆத்திசூடி படித்தாள். இன்று அக்காவின் பேத்தியும் அவரிடமே படிக்கிறாள். கவுன்சிலர் அவர்கள் எத்தனையோ வேலைக்கு நடுவில் நேரம் ஒதுக்கி வந்திருக்கிறார்கள். அவர்களிடம் கடைசியில் ஒரு விண்ணப்பம் வைக்கப்போகிறேன், அதுவரை தயவுசெய்து இருக்க வேண்டும். சமையலறையில் புளிச்சோறு கிளறிக்கொண்டிருக்கும் சின்னம்மாமாருக்கும் என் நன்றி. வாசனை இங்கே வரைக்கும் வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில் இளைஞர்கள் ‘எ கொயட் பிளேஸ்’ என்ற படத்தைப் போட்டார்கள். 2018-இல் வந்தது. ஜான் கிராசின்ஸ்கி இயக்கி, அவரே அப்பாவாக நடித்திருக்கிறார். அம்மாவாக வருகிற எமிலி பிளண்ட் நிஜ வாழ்க்கையிலும் அவர் மனைவிதான். பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். எங்கிருந்தோ வந்த மிருகங்கள் உலகத்தை அழித்துவிட்டன. அவற்றுக்குக் கண் கிடையாது, காது மட்டும் பயங்கரக் கூர்மை. சத்தம் கேட்டால் பாய்ந்து வந்து கிழித்துவிடும். அதனால் ஒரு குடும்பம் வாயைத் திறக்காமல், செருப்புப் போடாமல், மணல் கொட்டிய பாதையில் நடந்து பிழைக்கிறது.

படம் முடிந்ததும் நம் பிள்ளைகள் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக் குறைகளை அடுக்கினார்கள். நான் எழுதி வைத்துக்கொண்டேன். ஐந்து குறைகள். ஒன்று, கடைசியாக நடக்கவிட்ட குழந்தை. இரண்டு, படிக்கட்டு ஆணி. மூன்று, அருவி. நான்கு, அந்த நிலைமையில் இன்னொரு குழந்தையா என்ற கேள்வி. ஐந்து, மிருகத்தின் பலவீனத்தை ஒரு நாட்டு ராணுவத்தால் ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது. ஐந்துக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில். என் தாத்தா வாயில் எப்போதும் இருந்த பழமொழி அது: வெள்ளம் வருமுன் அணை போடு. என் பிள்ளைகளுக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கும். இருந்தாலும் இன்றும் சொல்லத்தான் போகிறேன்.

முதலில் அந்தக் குழந்தை. ஆள் இல்லாத கடையில் மருந்து எடுத்துக்கொண்டு குடும்பம் வரிசையாகத் திரும்புகிறது. அப்பா உடம்பு சரியில்லாத மகனைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகிறார். அடுத்து அம்மா, அடுத்து மூத்த மகள். நாலு வயதுக் கடைக்குட்டி எல்லோருக்கும் பின்னால் தனியாக வருகிறான். கையில் விண்கலப் பொம்மை. பேட்டரியைக் கழற்றிக் கடையிலேயே வைத்தார் அப்பா. அக்கா பாவப்பட்டுப் பொம்மையைத் தம்பியிடம் கொடுத்தாள். யாரும் பார்க்காத நேரத்தில் அவன் பேட்டரியையும் எடுத்துக்கொண்டான். பாலத்தில் பொம்மை அலறுகிறது. அப்பா ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

இங்கே இருக்கிற எந்த ஆயாவையும் கேட்டுப் பாருங்கள். சந்தைக்குப் போனால் சின்னப் பிள்ளையைப் பின்னால் நடக்க விடுவார்களா? கையைப் பிடித்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் இடுப்பில் தூக்கிக்கொள்வார்கள். கழற்றிய பேட்டரியைப் பிள்ளைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போவதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பையன் பிழைத்திருப்பான்.

அப்புறம் ஆணி. அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அம்மா துணி மூட்டையை இழுத்துக்கொண்டு நிலவறைப் படியில் ஏறுகிறாள். மூட்டை ஆணியில் மாட்டுகிறது. பலமாக இழுத்ததில் ஆணி கூர் மேலே தெரிய நிமிர்ந்து நிற்கிறது. அவள் மூட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறாள். வெறுங்காலோடு வாழ்கிற குடும்பம் அது. கர்ப்பிணி அவள். பிரசவ வலி எடுத்த நேரத்தில் அதே படியில் இறங்குகிறாள், ஆணி பாதத்தில் ஏறுகிறது, கையிலிருந்த படச்சட்டம் விழுந்து உடைகிறது, மிருகம் வந்துவிடுகிறது. சுத்தியலால் அடித்தால் சத்தம் வரும் என்று தம்பி ஒருவர் சொன்னார். ஒத்துக்கொள்கிறேன். குறடு வைத்துத் திருகிப் பிடுங்கலாமே? ஒரு துணியைச் சுற்றி வைக்கலாமே? வெள்ளம் வருமுன் அணை போடு என்று தாத்தா சொன்னது இந்த மாதிரி ஆணிகளுக்கும் சேர்த்துத்தான்.

அருவியைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. அருவி இரைச்சலுக்குப் பக்கத்தில் அப்பாவும் மகனும் வாய்விட்டுக் கத்துகிறார்கள், ஒன்றும் ஆகவில்லை. அப்படியென்றால் அங்கேயே குடிசை போட்டுக்கொண்டால் என்ன? குளிர், ஈரம், விவசாயம் என்று யாராவது காரணம் சொல்லலாம். பிரசவத்துக்காவது அங்கே போயிருக்கலாம்.

பிள்ளைகள் சொல்லாத ஒரு குறையை நான் சொல்கிறேன். இரவில் அப்பா தானியக் குதிரின் உச்சியில் ஏறித் தீ மூட்டுகிறார். தூரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதில் தீ எரிகிறது. அக்கம்பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள்! ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் யாரும் யாரையும் போய்ப் பார்த்ததாகப் படத்தில் இல்லை. நம் ஊர் கதையை நினைத்துப் பாருங்கள். 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகித் தோட்டக்காரக் குடும்பங்களை அடித்துக்கொண்டு போனபோது, படவட்டன் அறுவர் என்று நாம் இன்றும் பெருமையோடு சொல்கிற ஆறு பேர் படகைத் தள்ளிக்கொண்டு போய் 176 பேரைக் காப்பாற்றினார்கள். தூரத்து வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை அவர்கள்.

வெள்ளம் என்றதும் என்னால் அடுத்த குறைக்குப் போக முடியவில்லை. 2022 ஏப்ரல் 11 ராத்திரி நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் தெரு சரிவில் இருக்கிறது. வீடுகளுக்குப் பின்னால் மண்மேடு, அதைத் தாங்க ஒரு சுவர். அன்றைக்கு ராத்திரி மின்சாரம் இல்லை. பத்து மணிக்கு மேல் மேல்வீட்டுப் பின்சுவர் வழியாகச் செம்மண் தண்ணீர் பீறிட ஆரம்பித்தது. எல்லோரும் வெளியே ஓடி வந்து ஒருவரையொருவர் கத்திக் கூப்பிட்டோம். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு வீட்டில் மட்டும் அசைவே இல்லை. அம்மா ராத்திரி வேலைக்குப் போய்விட்டார். உள்ளே பதினாலு வயதுப் பெண்ணும் அவள் ஆயாவும். பெண்ணுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. ஆயாவுக்கும் வயதாகிக் காது மந்தம்.

கேட்டில் பூட்டு, ஜன்னலில் திருடனுக்குப் பயந்து போட்ட கம்பி. நான் ஒரு கல்லை எடுத்துக் கேட்டில் அடித்தேன். நாய்தான் குரைத்தது. அடித்துக்கொண்டே இருந்தேன். யாருக்குக் கேட்கும் என்று அடித்தேன், சொல்லுங்கள்! கடைசியில் எதிர்வீட்டு அண்ணன் தன் வண்டியைத் திருப்பி நிறுத்தி, முன்விளக்கை ஜன்னல் மேல் அடித்து அணைத்து அடித்து அணைத்துக் காட்டினார். திரை விலகியது. அவள் முகம் தெரிந்தது.

அவள் என்ன பார்த்திருப்பாள்? நடு ராத்திரியில், நனைந்த ஐந்து ஆண்கள், ஒருவர் கையில் கடப்பாரை, ஒருவர் கையில் கல். திரையை இழுத்து மூடிவிட்டாள். நல்ல பெண் அப்படித்தான் செய்வாள். நான் சட்டைப்பையிலிருந்த கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் ‘மண் சரிகிறது, வா’ என்று ஆங்கிலத்தில் எழுதி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். அவள் மறுபடி திரையை விலக்கியபோது அந்தக் காகிதம் என் விரல்களுக்கு நடுவில் கூழாகிவிட்டது. பதினோரு வருஷம் அதே தெருவில் இருக்கிறேன். தீபாவளிக்குப் பலகாரத் தட்டு போகும், வரும். அவளிடம் ‘ஆபத்து’ என்று சொல்ல ஒரு சைகை எனக்குத் தெரியாது.

அப்போது எதிர்வீட்டு அண்ணனின் மகன், பத்து வயது, வண்டியின் முன்மூடி மேல் ஏறி விளக்கு வெளிச்சத்தில் நின்றான். கையை மேடு மாதிரி காட்டினான். அந்த மேடு சரிவதாகக் காட்டினான். ஆயாவைக் காட்டினான். ‘வா’ என்றான். நாலே நாலு சைகை. சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று விளையாடும்போது அவளே சொல்லிக் கொடுத்தவை. இரண்டு நிமிஷத்தில் பூட்டு திறந்தது. ஆயாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். எல்லோரும் இந்த மண்டபத்துக்குத்தான் வந்தோம். விடியற்காலை மூன்றரைக்குச் சுவர் விழுந்தது. காலையில் போய்ப் பார்த்தேன். அவள் படுக்கையறையில் ஜன்னல் விளிம்பு வரை சேறு. கட்டில் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

அந்த மழையில் நம் மாகாணத்தில் நானூறு பேருக்கு மேல் செத்தார்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களிலும் சொந்தங்களை இழந்தவர்கள் உண்டு.

இப்போது படத்துக்குத் திரும்புகிறேன். அந்தக் குடும்பம் எத்தனையோ தப்புச் செய்தது. ஆனால் அத்தனை நாள் உயிரோடு இருந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. படம் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. மூத்த மகள் ரீகனுக்குக் காது கேட்காது; நடித்த மில்லிசென்ட் சிம்மண்ட்ஸும் நிஜமாகவே காது கேளாதவர். மகளுக்காக வீட்டில் எல்லோருக்கும் சைகை மொழி பழகியிருந்தது. ஊரே வாயைத் திறக்க முடியாமல் செத்தபோது, இவர்கள் சாப்பாட்டு மேஜையில் கையாலேயே பேசிச் சண்டை கூடப் போட்டுக்கொள்கிறார்கள். இது வெள்ளம் வருமுன் போட்ட அணை. கடைசியில் மிருகத்தைத் துடிக்க வைப்பதும் அவள் காதுக் கருவியிலிருந்து வந்த ஒலிதான். அந்தக் கருவிக்காக எத்தனை முறை தோற்றாலும் அப்பா மறுபடி உட்கார்ந்து ரிப்பேர் பண்ணுகிறார். பேட்டரியை விட்டுவிட்டு வந்த மனிதரை அதற்காகவே நான் மன்னிக்கிறேன்.

நான்காவது, ஐந்தாவது குறைகளைப் பேச நேரம் இல்லை. தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். கவுன்சிலர் அவர்களிடம் சொன்ன விண்ணப்பத்துக்கு வந்துவிடுகிறேன்.

2023 ஜூலையில் தென்னாப்பிரிக்கச் சைகை மொழி நம் நாட்டின் 12-ஆவது ஆட்சிமொழி ஆனது. அதற்கு முன்பே நம் அரசியல் சட்டத்தில் ஆறாவது பிரிவின் ஐந்தாவது உட்பிரிவில் சைகை மொழியை வளர்க்க வேண்டும் என்று இருக்கிறது. அதே உட்பிரிவில், கொஞ்சம் கீழே, நம் தமிழின் பெயரும் இருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு அறை மாதிரி. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இந்த மண்டபம் திறக்கிறது. அது முடிந்ததும் விளக்கை அணைக்காமல் இன்னும் ஒரு மணி நேரம் சைகை மொழி வகுப்பு நடக்க வேண்டும் என்று கேட்கிறேன். கவுன்சிலர் அவர்கள் அந்த ஒரு மணி நேரத்துக்கு வாடகை கேட்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அறங்காவலர்கள் தைப்பூசக் காவடிக்கு ஒலிபெருக்கியில் அறிவிக்கிறபோது பக்கத்தில் சைகை காட்ட ஒருவரை நிறுத்த வேண்டும். தமிழாசிரியை அம்மா முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டுமே என்று நீங்கள் யோசிக்கலாம். இரண்டாவது வரிசையில் மஞ்சள் துப்பட்டா போட்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்கு இப்போது பள்ளிப்படிப்பு முடிந்துவிட்டது. அன்றைக்கு வண்டி மேல் ஏறிய பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் பேசியது முழுவதையும் அவளுக்குக் கையால் சொல்லிக்கொண்டே இருக்கிறான். அவள்தான் ஆசிரியை. நேற்று கேட்டேன், சரி என்றாள்.

இப்போது கை தட்டாதீர்கள். தட்டினால் அவளுக்குக் கேட்காது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். விரல்களை விரித்து, மணிக்கட்டை இப்படித் திருப்பித் திருப்பி ஆட்டுங்கள். ஆயா, நீங்களும்தான். இன்னும் மேலே. அவள் திரும்பிப் பார்க்கட்டும்.