மலை இறங்குறதுக்கு எந்த ஷூ? வட்டக்கானல்ல இருந்து பேசுறேன்

வணக்கம் மக்களே! கொடைக்கானல் பக்கத்துல இருக்கற வட்டக்கானல்ல நிக்கிறேன். காத்து பலமா அடிக்குது, மைக்கை சட்டைக்குள்ள சொருகி வச்சிருக்கேன். குரல் தெளிவா கேக்கும்னு நினைக்கிறேன்.

கொடைக்கானல் ட்ரெக்குக்கு ஷூ வாங்குறதப் பத்தி வர்ற மெசேஜ்ல பாதிக்கு மேல, "அண்ணா, வாட்டர்ப்ரூஃப் வாங்கவா, சாதாரணமா வாங்கவா?"ன்னுதான் இருக்கு. அதுக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி யோசிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. இந்த மலையில உங்க காலுக்கு அதிகமா வேலை வைக்கிறது ஏத்தமா, இறக்கமா?

இங்கேருந்து வெள்ளகவிங்கற மலைக்கிராமம் வழியா, அடிவாரத்துல பெரியகுளம் பக்கத்துல இருக்கற கும்பக்கரைக்குப் போற பாதையை எடுத்துக்கோங்க. கொடைக்கானல் கடல் மட்டத்துல இருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். கீழ பெரியகுளம் 300 மீட்டருக்குள்ள. மேல வரைக்கும் வண்டியில வந்துட்டு, கீழ நடந்து இறங்கினீங்கன்னா 1,500 மீட்டருக்கு மேல இறக்கம். ஏறும்போது மூச்சு வாங்கும், தொடை வலிக்கும், ஆனா கால் ஷூவுக்குள்ள பேசாம இருக்கும். இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் பாதம் முன்னாடி தள்ளிட்டுப் போகும். பெருவிரல் ஷூ முனையில இடிச்சுக்கிட்டே இருக்கும். சாயங்காலம் பாத்தா நகம் கறுத்துப் போயிருக்கும். அதனால மலைக்கு ஷூ பாக்கறவங்க இறக்கத்தை மனசுல வச்சுத்தான் பாக்கணும்.

கேமராவைக் கொஞ்சம் கீழ இறக்குறேன், இருங்க. இதான் நான் போட்டிருக்கற ஷூ. லேஸை முழுசா தளர்த்திட்டேன். இப்ப பாதத்தை முன்னாடி தள்ளுறேன், விரல் முனையில லேசா படுற வரைக்கும். பின்னாடி குதிகாலுக்கும் ஷூவுக்கும் நடுவுல என் ஆள்காட்டி விரல் உள்ள போகுது பாருங்க. ஒரு விரல். ரெண்டு விரல் போனா பெருசு, ஒண்ணும் போகலைன்னா சின்னது. அடுத்து குதிகாலைப் பின்னாடி ஒட்ட வச்சு லேஸைக் கட்டுறேன். நின்னுக்கிட்டு பாக்கறப்ப முன்னாடி கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கணும், ஆனா குதிகால் மேல தூக்கக் கூடாது. வழக்கமா 8 போடறவங்களுக்கு மலைக்கு எட்டரையோ 9-ஓ சரியா வரும்.

கடைக்குச் சாயங்காலமா போங்க. நாள் பூரா நடந்ததுல பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். மலையிலயும் அப்படித்தான் வீங்கும். போடப்போற சாக்ஸையும் கையோட கொண்டு போங்க. கடையில ஒரு சரிவுப் பலகை இருந்தா அதுல இறங்கிப் பாருங்க, இல்லன்னா மாடிப்படி இருக்கும்ல, அதுல வேகமா இறங்குங்க. விரல் இடிச்சா அந்த ஜோடி வேண்டாம், எவ்வளவு தள்ளுபடி குடுத்தாலும் வேண்டாம்.

அடிப்பக்கம். கொடைக்கானல் இருக்கற இந்தப் பழனி மலைத்தொடர்ல ஒரே நாள்ல நாலஞ்சு விதமான தரை வரும். மேல பைன் காடு, காஞ்ச ஊசி இலை கனமா மூடியிருக்கும். சோலைக் காட்டுக்குள்ள ஈர வேர், பாசி பிடிச்ச பாறை. கீழ இறங்க இறங்க பாறை மேல சின்னச் சின்னச் சரளைக்கல், கேப்பையைக் கொட்டின தரையில கால் வச்ச மாதிரி உருளும். இதுக்கெல்லாம் சோல்ல ஆழமான பல்லு வேணும், நாலஞ்சு மில்லிமீட்டராவது. பல்லுக்கு நடுவுல இடைவெளியும் வேணும், இல்லன்னா களிமண் அப்பிக்கிட்டு சோலே வழவழன்னு ஆயிடும். ஈரப் பாறையில மட்டும் பல்லு அவ்வளவா உதவாது. அங்க ரப்பர் மிருதுவா இருந்தாத்தான் பிடிக்கும். நகத்தால அழுத்திப் பாருங்க, பிளாஸ்டிக் மாதிரி விறைப்பா இருந்தா வச்சிடுங்க. ரோட்டுல ஓடுற ரன்னிங் ஷூவோட அடி பெரும்பாலும் தட்டையா இருக்கும், இந்த இறக்கத்துக்கு வேண்டாம்.

இன்னொண்ணு. ரெண்டு முனையையும் பிடிச்சு மடக்கிப் பாருங்க. விரல் மடங்குற இடத்துல மடங்கினா நல்லது. நடுப்பாதத்துல மடங்கினாலோ, துணி பிழியற மாதிரி முறுக்க முடிஞ்சாலோ, கல்லு மேல நடக்க நடக்க உள்ளங்கால் வலிக்கும்.

கணுக்காலை மூடுற உயரமான ஷூ போட்டா கால் பிசகாதுன்னு நிறைய பேர் நம்புறாங்க. முழுசா அப்படிச் சொல்ல முடியாது. குதிகால் ஆடாம இருக்கறதும், பாத்து அடி வைக்கறதும்தான் அதைவிட முக்கியம். டென்ட், அரிசி, பாத்திரம்னு கனமா சுமந்தா உயரமான ஷூ போடுங்க. சின்னப் பைன்னா தாழ்வான ஷூ தாராளமா போதும், எடையும் குறைவு. முதுகுல இருக்கற ஒரு கிலோவைவிட கால்ல இருக்கற ஒரு கிலோ பல மடங்கு களைப்பாக்கும்.

சரி, வாட்டர்ப்ரூஃப். கொடைக்கானலுக்கு பெரிய மழை அக்டோபர், நவம்பர்லதான். அந்த மழையில தண்ணி சோல் வழியா வராது, கால்ல வழிஞ்சு மேல் வழியா உள்ள இறங்கும். வாட்டர்ப்ரூஃப் ஷூவுக்குள்ள ஒருதரம் தண்ணி போயிட்டா வெளியே வராது, காயவும் நாளாகும். வலைத்துணி ஷூன்னா நனையும், நடக்க நடக்க வடிஞ்சிடும். காலைப் பனியில புல்லு மேல நடக்கற குளிர் மாசத்துக்கு வாட்டர்ப்ரூஃப் அருமையா இருக்கும். அடை மழைக்கும் ஓடையைத் தாண்டுற பாதைக்கும் வலைத்துணிதான் என் கட்சி. பருத்தி சாக்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம், ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு கொப்புளம் போட்டுடும். கம்பளி இல்லன்னா சிந்தெடிக். மழைக்காலத்துல ரத்தம் உறிஞ்சுற அட்டைப்பூச்சி இருக்கும், அதுக்குன்னே முழங்கால் வரைக்கும் வர்ற நெருக்கமா நெய்த சாக்ஸ் தனியா கிடைக்குது, அதை மேல போட்டுக்கோங்க.

வெள்ளகவி ஊருக்குள்ள யாரும் செருப்பு போடறதில்ல, தெரியும்ல? ஊரே கோயில்களோட இருக்கு, அந்த மக்கள் காலங்காலமா கடைப்பிடிக்கறது அது. ஊர் எல்லையில கழட்டி கையில எடுத்துக்கிட்டு போங்க. உங்க காலை நிதானமாப் பாக்கவும் நல்ல இடம் அது. எங்கயாவது சிவந்து, தொட்டா சுட்டுச்சுன்னா அங்கதான் கொப்புளம் வரப்போகுது. அப்பவே மெடிக்கல் டேப் ஒட்டிடுங்க. வந்த பிறகு ஒட்டுறதைவிட வர்றதுக்கு முன்னாடி ஒட்டுறது எவ்வளவோ மேல். ஊரைத் தாண்டி திரும்பப் போடும்போது, மேல் ஓட்டையில லேஸை ஒரு வளையமா கோத்து, எதிர்ப்பக்க முனையை அதுக்குள்ள விட்டு இழுத்துக் கட்டுங்க. இப்படி... பாத்தீங்களா? குதிகால் அப்படியே பூட்டின மாதிரி நிக்கும், இறக்கத்துல விரல் முன்னாடி போகாது. கிளம்பறதுக்கு முதல் நாள் நகத்தையும் நேரா வெட்டிடுங்க.

பரண்ல ரொம்ப வருஷமா கிடக்கற பழைய ட்ரெக்கிங் ஷூவை நம்பி வராதீங்க. என்கூட வந்த ஒரு தம்பிக்கு நடு வழியில ரெண்டு சோலும் கழண்டு வந்துடுச்சு, பழைய நைலான் கயிறு வச்சு சுத்திக் கட்டித்தான் இறங்கினான். ஷூ பாக்கப் புதுசு மாதிரியே இருந்துச்சு. பாலியூரித்தேன் சோல் போடாம வச்சிருந்தாலும் காத்துல இருக்கற ஈரத்துலயே உள்ளுக்குள்ள சிதையும். பக்கவாட்டுல கட்டைவிரலால அழுத்துங்க, வெடிப்பு விட்டாலோ பொடி உதிர்ந்தாலோ மலைக்கு எடுக்காதீங்க. புது ஷூவையும் நேரா மலைக்குக் கொண்டு வராம, ஒரு வாரமாவது வீட்டுலயும் தெருவுலயும் போட்டு நடங்க.

நனைஞ்ச ஷூவை நெருப்புக்குப் பக்கத்துல வைக்காதீங்க, பசை விட்டுடும், தோல் வெடிக்கும். உள்ள பாதத்துக்கு அடியில இருக்கற மெத்தையை (இன்சோல்) எடுத்துட்டு, பேப்பரைக் கசக்கி உள்ள திணிச்சு, நிழல்ல காத்தாட வையுங்க. பேப்பர் நனைஞ்சதும் மாத்துங்க.

2024ல வனத்துறை தொடங்கின ட்ரெக் தமிழ்நாடு திட்டத்துல ஆரம்பிச்சப்ப 40 பாதை இருந்துச்சு. எங்க போனாலும் அனுமதியோட, வழிகாட்டியோட போங்க. ஷூ பத்தி கேக்கறவங்க உங்க பாதம் அகலமா ஒடுக்கமா, எந்த மாசம் வர்றீங்க, பை எவ்வளவு கனம், இந்த மூணையும் சேர்த்து எழுதுங்க. அப்பத்தான் என்னால சரியா சொல்ல முடியும்.